வேண்டாதவனுக்குப் போட்ட புள்ளடி

நான் வேலை செய்த சலவைத் தொழிற்சாலையில் இப்போது கைப்பேசியில்தான் வாக்குப் போடுகிறார்களாம். போன கிழமை நிர்மலா அழைத்துச் சொன்னாள். நான் இளைப்பாறிய பிறகு என் இடத்துக்கு வந்தவள் அவள். பாதுகாப்புக் குழுவுக்குத் தொழிலாளர் பக்கத்திலிருந்து ஓர் ஆளைத் தெரிந்தெடுத்தார்களாம். பிழையான ஆள் வென்றுவிட்டானாம். எல்லாரும் சேர்ந்து மனேச்சரிடம் போய், அந்தத் தேர்தலை இல்லாமல் செய்துவிட்டு அவரையே ஒரு நல்ல ஆளைப் போடச் சொல்லிக் கேட்கப் போகிறார்களாம்.

"மனேச்சர் நல்ல மனிசன் அன்ரி. கேட்டால் செய்வார். நீங்களும் வந்து ஒரு சொல்லுச் சொன்னால் பலமாயிருக்கும்" என்றாள்.

நான் வரமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். அதை ஃபோனில் சொல்ல ஏலாது, எழுதித் தருகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பது அவளுக்குத் தெரியும். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும். எனக்கு அவசரமும் இல்லை. எங்கள் பழைய தொழிலாளர் ஒன்றுகூடலுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு மலர் போடுகிறார்கள். அதில் பெரும்பாலும் சீனி வருத்தத்துக்கு எதைச் சாப்பிடலாம், எதை விடலாம் என்றுதான் எழுதுகிறார்கள். இந்த முறை இதைப் போடட்டும்.

நான் வேலை பழகிய கதை சிறியது. கனடாவுக்கு வந்து பார்க்டேலில் இருந்தபோது கீழ்வீட்டுப் பெண் ஒருத்தி, ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற இடத்தில் ஆள் எடுக்கிறார்கள், இங்கிலீஸ் தேவையில்லை, கைதான் தேவை என்றாள். என்னிடம் இரண்டு இருந்தன. பஸ் மாறி மாறி ரெக்ஸ்டேலுக்குப் போனேன். முதலில் என்னை அழுக்குப் பக்கத்தில் விட்டார்கள். பைகளை அவிழ்த்துக் கொட்டி, துவாய் வேறு, கட்டில் விரிப்பு வேறு என்று பிரிக்கும் வேலை. துணிக்குள் கத்தரிக்கோல் வரும், ஊசி வரும், பொய்ப்பல் வரும். ஒருமுறை ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டே வந்தது. பிறகு என்னைச் சுவருக்கு மற்றப் பக்கம், சுத்தப் பக்கத்துக்கு மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. என் வேலை நல்லது. அதை அவர்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுத்தப் பக்கத்தில் பெரியது ரோலர். விரிப்புக்கு இஸ்திரி போடும் மெசின் அது. நீளத்தில் ஒரு பஸ்ஸுக்குக் கிட்ட வரும். நீராவியில் கொதிக்கும் உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டுகொண்டிருக்கும். ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு மூலையில் பிடித்து, ஒருதரம் உதறி, விளிம்பை நேராக்கி, ஓடுகிற பட்டியில் வைக்க வேண்டும். அது இழுத்துக்கொண்டு போய் மறுபக்கத்தில் காயவைத்து மடித்துத் தரும். வைக்கும்போது இருவரும் ஒன்றாகக் கையை விட வேண்டும். ஒருவர் முந்தினால் விரிப்புக் கோணும். கோணினால் கை தன்பாட்டில் அதை நேராக்கப் போகும். கை போகக் கூடாத இடம் அது.

அதற்காக முதல் உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு தடி பூட்டியிருந்தார்கள். கை அதில் பட்டால் மெசின் நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் சுருண்ட விரிப்புப் பட்டாலும் நின்றுவிடும். நின்றால் திரும்ப ஓடும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் ஈரத்துணி மலையாகும். ஆகவே யாரோ ஒருநாள் அந்தத் தடியைக் கிழிந்த விரிப்புத் துண்டால் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டார்கள். யார் கட்டியது என்று ஒருவருக்கும் தெரியாது. அவிழ்க்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும்.

ரோலரிலிருந்து வரும் விரிப்புகளில் சந்தேகமானவை தையல் அறைக்குப் போகும். அங்கே கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை ஒன்று இருந்தது. விரிப்பை அதன்மேல் போட்டால் பொத்தல், கிழிசல் ஒன்றும் ஒளிக்க முடியாது. தைக்கக்கூடியதைத் தைப்போம். தைக்க ஏலாததற்கு மூலையில் சிவப்புப் பேனையால் பெரிதாக ஒரு புள்ளடி, இரண்டு கோடு குறுக்கே வெட்டினபடி. புள்ளடி விழுந்தால் அது அதற்குப் பிறகு விரிப்பு இல்லை, நிலம் துடைக்கிற துணி. முறை வைத்து நாங்கள் எல்லாருமே அந்த மேசையில் நின்றிருக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டும் என் கை புள்ளடி போடும்.

எங்கள் சுப்பவைசரை நாங்கள் மேஜர் என்போம். அது நாங்கள் வைத்த பட்டம் இல்லை. அவர் தன்னுடைய நாட்டில் உண்மையாகவே மேஜராக இருந்தவர். அந்த நாட்டை இராணுவம் கனகாலம் ஆண்டது. ஆட்சி கைமாறியபோது அவர் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். நாட்டின் பெயரை நான் எழுதவில்லை. அவரே அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்.

மேஜர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. எதையும் இரண்டு தரம் சொல்லுவார். இரண்டாம் தரம் இன்னும் மெதுவாக. முதல் தரம் காதுக்கு, இரண்டாம் தரம் முதுகுக்கு என்பாள் என்னோடு ரோலரில் நின்ற திலகா. வேலை தொடங்குமுன் எங்களை வரிசையில் நிறுத்துவார். முகங்களை ஒருதரம் பார்த்துக்கொண்டு போவார். ஈரத் தரையிலும் அவருடைய சப்பாத்து மினுங்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனால், நாங்கள் கேட்டு முடிக்குமுன் லீவு தந்துவிடுவார். பிள்ளைக்கு எப்படி என்று மறுநாள் கேட்கமாட்டார். அவருடைய இங்கிலீசும் முறிந்தது, என்னுடையதும் முறிந்தது. ஒரே இடத்தில் முறிந்திருந்தபடியால் விளங்கிக்கொள்வதில் கஷ்டம் இருக்கவில்லை.

அவரிடம் எங்களுக்குப் பயமில்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். ஆனால் அவர் வரும் சத்தம் கேட்டால் முதுகு நிமிரும். அந்த முதுகுகள் கனடாவில் பழகியவை அல்ல. ரோலரில் நின்ற பெண்களில் பாதிப் பேர் தோளில் துவக்குப் போட்டவர்கள் ஆண்ட இடங்களிலிருந்து வந்தவர்கள். எங்களூரில் துவக்கு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. மாறினாலும் எங்களை வரிசையில் விட்டுக் கேட்ட கேள்விகள் மாறவில்லை. நாங்கள் சொன்ன பதிலும் மாறவில்லை. தலையை ஆட்டி ஓம் என்றோம். விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டாலும் ஓம்.

குகன் என்று ஒருவன் இருந்தான். யாழ்ப்பாணத்தான், கல்யாணம் முடித்தவன், ரோலருக்கு ஈரத்துணி வண்டில் தள்ளுகிறவன். தேத்தண்ணி நேரத்தில் யார் பிந்தி வந்தது, யார் குளியலறைக்குள் நின்று ஃபோன் கதைத்தது, எல்லாம் அவன் வாயால் மேஜருக்குப் போகும். பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர்களின் ஆள் என்று ஒவ்வொரு வருடமும் மேஜர் அவனையே வைத்தார். மாதத்துக்கு ஒருக்கால் மேஜருக்குப் பின்னால் தொழிற்சாலையைச் சுற்றி வருவான். கட்டியிருந்த தடியைக் கடந்து போவான். எல்லாம் சரி என்று கையெழுத்து வைப்பான். அழகான கையெழுத்து.

அப்படியிருக்கும்போதுதான் திலகாவின் கை சுட்டது.

திலகா மட்டக்களப்புக்காரி, என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்தவள். ரோலரில் அவள் ஒரு மூலை, நான் ஒரு மூலை. விரிப்புக் கோணியது. அவளுடைய கை நேராக்கப் போனது. நான் மெசினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அடித்தேன். இரண்டு விரலின் தோல் உருளையோடு போய்விட்டது; விரல் மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு அவள் முதலில் சொன்ன கதை, "இனி அந்த விரிப்பில படுக்கிறவன் என்ட கை ரேகையோட படுக்கப் போறான் அக்கா" என்பதுதான்.

அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் வந்த அன்று காலை தடி அவிழ்ந்திருந்தது. யார் அவிழ்த்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் எங்களைக் கூட்டி வைத்துச் சட்டத்தைச் சொன்னார், பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் மாற்றிச் சொன்னார். ஆபத்தான வேலையைச் செய்யமாட்டேன் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறதாம். அப்படிச் சொன்னால் சுப்பவைசர் தொழிலாளர்களின் ஆளைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் மெசினைப் பார்க்க வேண்டுமாம். சரி, உங்கள் ஆளைத் தெரிந்தெடுத்தது யார் என்று கேட்டார். மேஜர், "நான்" என்றார். ஒளிப்பு மறைப்பு இல்லாத மனிதர். இல்லை, தொழிலாளர்கள்தான் தெரிந்தெடுக்க வேண்டும், அதுதான் சட்டம் என்றார் அந்தப் பெண்.

சட்டம் என்றால் மேஜருக்குக் கட்டளை. அடுத்த நாளே வரிசையில் விட்டு, குகன்தான் உங்கள் ஆள், சம்மதமா என்று கேட்டார். இரண்டு தரம் கேட்டார். எல்லாரும் கையை உயர்த்தினோம். திலகா கட்டுப் போட்ட கையை உயர்த்தினாள்.

"ஏனடி உயர்த்தினனீ?" என்று பிறகு கேட்டேன்.

"கேட்ட குரலுக்குக் கை தானா எழும்பிற்று அக்கா. நீங்களும்தானே உயர்த்தின."

உண்மைதான். தடி அதற்குள் திரும்பக் கட்டப்பட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் இதைக் கேள்விப்பட்டு, அப்படி இல்லை, இரகசியமாக, கடதாசியில், ஒன்றுக்கு மேற்பட்ட பெயரோடு நடத்தச் சொல்லியிருக்கிறார். குகனுக்கு எதிராக யாரைப் போடுவது என்று பெண்கள் கூடிக் கதைத்தார்கள். என் பெயரைச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. தகுதியுள்ள ஆள் மறுத்தால் தகுதியில்லாத ஆள் வரும்.

தேர்தலை மேஜர் தையல் அறையில் வைத்தார். ஒவ்வொருவராக உள்ளே போகலாம், கதவைச் சாத்தலாம், வெளிச்சமும் இருக்கிறது. கண்ணாடி மேசையில் வாக்குக் கடதாசிகளை அடுக்கினார். அங்கே கிடந்த சிவப்புப் பேனைகளையே பக்கத்தில் வைத்தார். கதவடியில் நின்று ஒவ்வொருவருக்கும் இரண்டு தரம் சொன்னார்: ஒரு புள்ளடி; ஒரே ஒரு புள்ளடி. எதற்குப் புள்ளடி என்று அவர் சொல்லவில்லை. அது தெரியாதவர்களும் உலகத்தில் இருப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை; நானும் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களில் பலர் தங்கள் வாழ்நாளில் வாக்கே போடாதவர்கள். நானும் ஊரில் ஒரேயொரு முறை போட என்று போனேன். எனக்கு முதலே யாரோ என்னுடையதைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

எண்ணினார்கள். குகன் வென்றான். கொஞ்ச நஞ்சமாக இல்லை. எனக்கு விழுந்ததை ஒரு கையில் பிடிக்கலாம். குகனுடைய வாய் திறந்தபடியே நின்றது.

சாப்பாட்டு அறையில் திலகா வந்து எனக்கு முன்னால் இருந்தாள். "எப்பிடி அக்கா இது? நான் அவனுக்கு இந்தப் பெரிய புள்ளடி போட்டனே" என்றாள்.

"ஆருக்கு?"

"குகனுக்குத்தான். பேர் தெரியாத அளவுக்கு."

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். மற்றவர்களைப் பார்த்தேன். வேண்டாததுக்குத்தானே புள்ளடி என்றாள் ஒருத்தி. தான் அழுத்திப் போட்டதில் கடதாசி கிழியப் பார்த்தது என்றாள் இன்னொருத்தி. அந்த மேசையில், அந்தப் பேனையால், அவர்கள் எத்தனையோ ஆயிரம் தரம் செய்த வேலையைத்தான் செய்திருந்தார்கள். அங்கே இருந்த ஒருத்தியும் என் பெயருக்குப் புள்ளடி போடவில்லை. அவ்வளவு மரியாதை.

உடனே எல்லாரும் என்னை மேஜரிடம் தள்ளினார்கள். போய்ச் சொல்லுங்கள், அவர் மாற்றுவார் என்றார்கள். எனக்கும் அதுதான் விருப்பம். தோற்றது எனக்குப் பிடிக்கவில்லை. அதுவும் அந்தக் குகனிடம்.

மேஜர் தன் சின்ன அறையில் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் பாதி சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. வாக்குக் கடதாசிகளை எடுத்து மேசையில் வைத்தார். சிவப்புப் புள்ளடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நான் கேட்காமலே, தன் நாட்டுக் கதையைச் சொன்னார். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

அவருடைய நாட்டில் தளபதிகள் ஆண்டு ஆண்டு களைத்துப்போய் ஒருநாள் விட்டுக் கொடுத்தார்களாம். தேர்தல் வந்ததாம். அவர் அப்போது கப்டன். வாக்குப் பெட்டிகளுக்குக் காவல் நின்றாராம். சனம் வெயிலில் நின்று சந்தோசமாகப் போட்டதாம். ஒரு விசரன் வென்றானாம். சாமான் விலை ஏறியதாம், றோட்டில் சண்டையாம். ஒரு வருடம் ஆகவில்லை, முகாம் வாசலில் சனமாம். பள்ளிக்கூட வாத்திமார், கடைக்காரர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார். பூங்கொத்தோடு வந்தார்களாம். நாங்கள் பிழை விட்டுவிட்டோம், நீங்கள் வந்து சரியாக்குங்கள் என்று கேட்டார்களாம்.

"நாங்கள் கேட்காமல் வந்தோம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். இல்லை. கேட்டார்கள்" என்றார் மேஜர். "எங்களுக்கும் கேட்டது சந்தோசம். ஆறு மாதம் என்று சொன்னோம்."

"எவ்வளவு காலம் இருந்தனீங்கள் சேர்?"

"என் மகள் பிறந்து, பள்ளிக்கூடம் முடிக்கும் வரை."

அவர் கடதாசிகளைச் சேர்த்து இரண்டு கையாலும் பிடித்தார். "நீங்கள் நல்ல ஆள், மிஸிஸ் பாக்கியம். அது எனக்கும் தெரியும். கேளுங்கள். கிழித்துப் போட்டுவிட்டு உங்கள் பெயரை எழுதுகிறேன்." கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, "கேளுங்கள்" என்றார்.

ஓம் என்ற சொல் என் வாய்க்குள் வந்து நின்றது. அது அங்கேயே குடியிருக்கிற சொல். ஆனால் நான் அவருடைய கைகளைப் பார்த்தேன். கிழிப்பதற்கு அவை பிடித்திருந்த விதம் பழகின விதம். பிழையான வாக்கைக் கிழிக்கிற கைக்குச் சரியான வாக்கைக் கிழிக்கவும் அதே அளவு பலம்தான் வேண்டும். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. முழு நல்லெண்ணத்தோடுதான் இருந்தார். அதுதான் எனக்குப் பயம் தந்தது. நிர்மலா, உங்கள் மனேச்சர் நல்ல மனிசன் என்றாய். எங்களுடையவரும் அன்றைக்கு அப்படித்தான்.

"வேண்டாம் சேர். கிடக்கட்டும்" என்றேன்.

அவர் கடதாசிகளை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார்.

வெளியே வந்து சொன்னபோது ஒருத்தியும் என்னைப் பாராட்டவில்லை. திலகா கையைத் தூக்கிக் காட்டினாள். "உங்கட வீறாப்புக்கு என்ட விரலா அக்கா?" என்றாள். அதோடு என்னோடு கதையை நிறுத்திவிட்டாள். அவள் சொன்னது பிழை என்றும் எனக்குச் சொல்ல முடியவில்லை. தடி கட்டியபடியே இருந்தது; குகன் இன்னும் ஒரு வருடத்துக்கு எல்லாம் சரி என்று கையெழுத்து வைக்கப் போகிறான்; அடுத்த கை யாருடையது என்றுதான் தெரியாது. கதை பேச்சில்லாத ஒருத்தியோடு ரோலரில் நிற்பது கஷ்டம். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் விரிப்பு நேராகப் போகாது.

குகனுக்கோ தலைகால் தெரியவில்லை. இவ்வளவு பேருக்குத் தன்மேல் விருப்பம் என்று அவன் கனவிலும் நினைத்திருக்கமாட்டான். ஒருநாள் பெரிய பெட்டி நிறைய டோனட் வாங்கிக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு வந்து, மேசை மேசையாக நீட்டினான். எல்லாருக்கும் நன்றி என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. திலகாவுக்கு இருக்கவில்லை.

"கொண்டு போ தம்பி" என்றாள். "உன்னை நாங்க தெரிஞ்செடுக்கல்ல. துடைக்கிற துணிக்கு வெட்டி விட்டம்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கும்வரை மற்றவர்கள் விளங்கப்படுத்தினார்கள். டோனட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதை யாரும் தொடவில்லை என்று எழுதத்தான் விருப்பம். வேலை முடியுமுன் பெட்டி வெறுமையாக இருந்தது.

அன்று பின்னேரம் பஸ் தரிப்பில் எனக்காகக் காத்து நின்றான்.

"அக்கா, உண்மையோ?"

"ஓம்."

"எல்லாருமோ?"

"எல்லாரும் எண்டு சொல்ல ஏலாது. உண்மையா உனக்குப் போட்டவையும் இருப்பினம்."

"ஆர் அக்கா?"

"நீ போட்டிருப்பாய்தானே."

அவன் சிரிக்கவில்லை. சப்பாத்தால் பனியைக் கிளறினான். "நான் விடப் போறன் அக்கா. மேஜரிட்டச் சொல்லிப்போட்டு விடப் போறன். ஒருத்தருக்கும் வேண்டாமல் என்னெண்டு இருக்கிறது?"

"விட்டால் மேஜர்தான் திரும்ப ஒராளை வைப்பார்" என்றேன். "கடதாசியில உன்ர பேர்தான் வந்தது. வேண்டாமெண்டு புள்ளடி போட்டவளுக்கும் இப்ப நீதான் ஆள். திலகாவுக்கும் நீதான் ஆள். இரு. இருந்து வேலையைச் செய்."

பஸ் வந்தது. நான் அவனிடம் ஒன்றையும் எதிர்பார்த்து ஏறவில்லை.

ஆனால் அடுத்த திங்கட்கிழமை நான் ஒன்று செய்தேன். முதலே யாருக்கும் சொல்லவில்லை. வரிசை கலைந்து எல்லாரும் இடத்துக்குப் போனார்கள். நான் ரோலரில் என் மூலைக்குப் போய், விரிப்பை எடுக்காமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். திலகா தன் மூலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மேஜர் வந்தார்.

"தடி கட்டிக் கிடக்குது சேர். அவிழ்க்கும் வரைக்கும் நான் இந்த மெசினைத் தொடமாட்டன்" என்றேன்.

என் வாழ்க்கையில் சீருடை போட்ட ஒருவரிடமும் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. மேஜர் அன்று சீருடையில் இல்லை. ஆனாலும் என் கண்ணுக்கு அவர் சீருடையில்தான் நின்றார். கட்டிய கையை அவிழ்க்காமல் நின்றேன் என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

மேஜருக்குச் சட்டம் தெரியும். குகனைக் கூப்பிட்டார். ரோலர் வெறுமையாக உருண்டுகொண்டிருந்தது. ஈரத்துணி குவியத் தொடங்கியது. எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். இப்போது எல்லாம் அந்தக் குகனின் வாயில் இருந்தது. அவன் சரி என்றால், நான் வேலைக்குப் பஞ்சிப்பட்ட சோம்பேறி. தடி எங்களுடைய காலம் முடியும்வரை கட்டியபடிதான்.

மேஜர் அவனிடம் கேட்டார்: "இந்த மெசின் பாதுகாப்பா, இல்லையா?"

குகன் மேஜரின் சப்பாத்தைப் பார்த்தான். அந்த மனிதருக்கு அவன் யெஸ் சேர் தவிர வேறொன்றும் சொன்னதை நான் கேட்டதில்லை. வாய் அசைந்தது. ரோலர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

மேஜர் இரண்டாம் தரம், மெதுவாகக் கேட்டார்.

"நோ சேர்" என்றான் குகன். இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. "பாதுகாப்பில்லை சேர். நிப்பாட்டவேணும்."

மேஜர் தானே போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தார். ரோலர் நின்றபோது அந்த இடம் இவ்வளவு பெரியதா என்று இருந்தது. குகன் குனிந்து தடியில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கப் பார்த்தான். ஆவியில் அவிந்து அவிந்து முடிச்சு மரக்கட்டையாக இருந்தது. திலகா தையல் அறைக்குப் போய்க் கத்தரிக்கோல் எடுத்துவந்து, சுட்ட கையால் அவனிடம் நீட்டினாள்.

மெக்கானிக் வந்து பார்த்தார். துணி பட்டால் நிற்காமல், கை பட்டால் மட்டும் நிற்கும்படி அதைத் திருத்தலாமாம். ஒரு சுருள் வில்லுத்தான் மாற்ற வேண்டுமாம். இவ்வளவு காலமும் ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று கேட்டார்.

அதற்குப் பிறகு குகனுக்குச் சனிக்கிழமை வேலை கிடைப்பது குறைந்தது. மேஜர் காரணம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆனால் மாதாமாதம் சுற்றி வரும்போது மேஜருக்குப் பின்னால் நடக்காமல் பக்கத்தில் நடந்தான். ஒவ்வொரு மெசினிலும் நின்று, அங்கே நிற்கிற பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைத்தான். திலகா திரும்ப என்னோடு கதைத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. விரிப்பை நான் முந்தி விட்டுவிட்டேன் என்று ஏசினாள். அது போதும்.

வருடம் முடிந்தது. திரும்பத் தேர்தல் வைக்க வேண்டும். முதல் தேர்தல் என்றால் கல்யாண வீடு மாதிரி, சொல்லாமலே சனம் வரும். இரண்டாவதற்கு ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மேஜர், எல்லாம் ஒழுங்காகத்தானே போகிறது, எதற்குத் திரும்ப என்றார். பெண்களும் அதைத்தான் சொன்னார்கள். குகன் இருக்கட்டும் என்றார்கள் சிலர். எழுதுகிற வேலை எங்களுக்கெதற்கு என்றார்கள் சிலர். எல்லாம் ஒழுங்காகப் போகும்போது வைக்காவிட்டால், ஒழுங்கில்லாத நேரம் எப்படி வைப்பது என்று ஒவ்வொருத்தியாகப் பிடித்துக் கேட்டேன். குகனுக்கு எதிராக நானே நின்றேன். போட்டியில்லாத தேர்தல் வரிசையில் நின்று கையுயர்த்துவதற்குச் சமம்.

நான் வடை சுட்டுக்கொண்டு போனேன். குகன் டோனட் கொண்டுவந்தான். அந்த விசயத்தில் இரண்டு பக்கமும் சமம்.

இந்த முறை தையல் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிவப்புப் பேனையும் வேண்டாம். சாப்பாட்டு அறையில் பென்சில். ஒரு மூலையில் கயிறு கட்டி ஒரு பழைய விரிப்பைத் திரையாகத் தொங்கவிட்டேன். கதிரையில் ஏறி நின்று, வேண்டிய ஆளுக்குத்தான் புள்ளடி, இது விரிப்பில்லை, ஆள் என்று சொன்னேன். கீழே நின்று குகனும் அதையே சொன்னான். மேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

எண்ணும்போது அவர் ஒவ்வொரு கடதாசியையும் எல்லாருக்கும் காட்டி, இரண்டு அடுக்காக வைத்துக்கொண்டு வந்தார். இரண்டும் ஒரே உயரத்தில் வளர்ந்தன. கடைசியில் ஒரேயொரு வாக்கால் குகன் வென்றான்.

திரும்ப எண்ணவா என்று மேஜர் என்னைப் பார்த்துக் கேட்டார். எண்ணச் சொன்னேன். அது என் உரிமை. அப்போதும் அதே ஒன்றுதான். நான் குகனுக்குக் கை கொடுத்தேன். அவனுடைய கை ஈரமாக இருந்தது. மேஜர் கடதாசிகளை ஓர் உறைக்குள் போட்டு, ஒட்டி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதைக் குகனிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

பஸ்ஸில் திலகா எனக்குப் பக்கத்தில் இருந்து விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள். அந்தப் பக்கம் இத்தனை பேர், இந்தப் பக்கம் இத்தனை பேர் என்று எல்லாரையும் முதலே கேட்டு வைத்திருந்தாளாம். தன் கணக்குப்படி நான்தான் வென்றிருக்க வேண்டுமாம்.

"எங்கட பக்கத்தில ஒராள் மாறிப் போட்டிருக்குகா. எந்தத் துரோகியோ தெரியா."

"அந்தச் சொல்லை இந்த பஸ்ஸுக்குள்ள சொல்லாதை" என்றேன். "அந்தச் சொல்லால எத்தினை வீட்டில சனம் செத்தது எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருத்தி தனக்குச் சரியெண்டு பட்ட ஆளுக்குப் போட்டால் அதுக்குப் பேர் வாக்கு."

அவள் திரும்பவும் விரல்களை மடித்தாள். கடைசி விரலில் நின்றுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க ஆருக்குப் போட்ட?"

"அதுக்குத்தானடி திரை கட்டினது" என்றேன்.